சீத்தாவா, இலந்தையா?
மானாவாரி நிலத்துக்கு மரம் தேர்ந்தெடுக்கும் முன் கவனிக்க வேண்டியவை

கிணறு இல்லாத மேட்டு நிலம் ஒரு ஏக்கரோ இரண்டு ஏக்கரோ வைத்திருக்கும் சிறு விவசாயிக்குப் பழமரம் வைக்க ஆசை வந்தால், நாற்றங்காலில் பெரும்பாலும் இரண்டு பெயர்களைத்தான் சொல்வார்கள். ஒன்று சீத்தா, மற்றொன்று ஒட்டு இலந்தை. "இரண்டுமே வறட்சியைத் தாங்கும், எதை வேண்டுமானாலும் வையுங்கள்" என்பது வழக்கமான பதில். அந்தப் பதில் பாதிதான் சரி.

வறட்சியில் சாகாமல் நிற்பது வேறு. வறட்சிக்குப் பிறகு காய்த்துக் கொடுப்பது வேறு. இந்த இரண்டு மரங்களும் கோடையில் எளிதில் சாவதில்லை. ஆனால் எந்த மாதத்தில் மழை பெய்தால் எந்த மரம் காய்க்கும் என்பதில் இரண்டுக்கும் பெரிய வேற்றுமை உண்டு. கம்போ கடலையோ ஒரு பருவம் தவறினால் அடுத்த பருவம் உண்டு. மரத்தைத் தவறாகத் தேர்ந்தெடுத்தால், அது தவறு என்று தெரியவே ஐந்தாறு ஆண்டுகள் ஆகிவிடும். ஆகையால் நடுவதற்கு முன்பே இதை யோசித்துவிடுவது நல்லது.

கோடையைக் கழிக்கும் விதம்

இலந்தை ஆணி வேரை ஆழமாக இறக்கும் மரம். மேல் மண் காய்ந்து வெடித்தாலும் அடி மண்ணில் உள்ள ஈரத்தை அது எட்டிப் பிடிக்கும். பழம் முடிந்த பிறகு இலைகளை உதிர்த்துவிட்டுக் கடும் வெயிலை உறங்கிக் கழிக்கிறது. களர், உவர் நிலத்தையும், சில நாட்கள் தேங்கும் நீரையும்கூட ஓரளவு பொறுத்துக்கொள்ளும்.

சீத்தாவின் வேர் அவ்வளவு ஆழம் போவதில்லை. அதுவும் இலை உதிர்த்துத் தப்பிக்கும் மரமே. கல்லும் சரளையும் கலந்த, ஒரு முழம்கூட மண் இல்லாத குன்றுச் சரிவிலும் வளரும். சேலம், தர்மபுரி, கிருஷ்ணகிரி மாவட்டக் குன்றுகளில் யாரும் நடாமலே அது வளர்ந்து கிடப்பதைக் காணலாம். ஆனால் தண்ணீர் தேங்கும் நிலம் அதற்கு ஆகாது. ஐப்பசி, கார்த்திகையில் வாரக்கணக்கில் சேறாகிக் கிடக்கும் கனத்த கரிசலில் வைத்த சீத்தாக் கன்று வெயிலில் பிழைத்தாலும் மழையில் அழுகிவிடக் கூடும். அத்தகைய நிலத்துக்கு இலந்தையே ஏற்றது.

மழை எப்போது, காய் எப்போது?

இதுதான் முக்கியமான கேள்வி.

நம் மாநிலத்தில் இலந்தை ஆவணி, புரட்டாசியில் பூக்கிறது. ஐப்பசி, கார்த்திகை மழையில் காய் பருக்கிறது. மார்கழி முதல் மாசி வரை பழம் கிடைக்கிறது. பங்குனிக்குப் பிறகு மரம் உறங்கப் போய்விடுகிறது. அதாவது காய் பெருக்க வேண்டிய நாட்களும் வடகிழக்குப் பருவமழை பெய்யும் நாட்களும் ஒன்றாகவே அமைகின்றன. இராமநாதபுரம், தூத்துக்குடி, விருதுநகர், சிவகங்கை போன்ற மாவட்டங்களில் ஆண்டு மழையில் பெரும்பங்கு அந்த மூன்று மாதங்களில்தான் பெய்கிறது. மற்ற ஒன்பது மாதங்களில் அதிக மழை இல்லாவிட்டாலும் இலந்தைக்குப் பெரிய நட்டம் இல்லை.

சீத்தாவின் நாட்காட்டி வேறு. அது சித்திரை முதல் ஆனி வரை பூக்கிறது. ஆவணி முதல் ஐப்பசி வரை பழம் தருகிறது. பூக்கும்போது கோடை மழை ஒன்றிரண்டும், காய் பெருக்கும்போது ஆடி, ஆவணி மழையும் அதற்குத் தேவை. காற்று வறண்டு வெயில் கொளுத்தினால் பூக்கள் காயாகாமலே உதிர்ந்துவிடும். மரம் பச்சைப் பசேலென்று நிற்கும். காய் மட்டும் இருக்காது. "மரம் நன்றாகத்தான் இருக்கிறது, ஏன் காய்க்கவில்லை?" என்று கேட்கும் தெற்கு மாவட்ட விவசாயிகள் பலரின் தோட்டத்தில் நடந்திருப்பது இதுவே. மே மாதம் முதலே மழை கிடைக்கும் மேற்கு, வடமேற்கு மாவட்டங்களில் இந்தத் தொல்லை குறைவு.

இதனால் தெற்கே சீத்தா வைக்கவே கூடாது என்று பொருள் கொள்ள வேண்டாம். ஏ.பி.கே. 1 என்ற சீத்தா ரகமே விருதுநகர் மாவட்டம் அருப்புக்கோட்டையில் உள்ள வேளாண்மைப் பல்கலைக்கழக ஆராய்ச்சி நிலையத்தில் தேர்வு செய்யப்பட்டதுதான். ஆனால் அங்கே வைகாசி, ஆனி மாதங்களில் மரத்துக்கு நாலைந்து முறையாவது தண்ணீர் கொடுக்க வழி இருக்க வேண்டும். பண்ணைக்குட்டையோ, பக்கத்துக் கிணற்றிலிருந்து வண்டித் தண்ணீரோ போதும். அதுவும் இல்லாதவர்கள் ஏக்கர் முழுவதும் சீத்தா வைப்பது வீண் துணிச்சல்.

பூவுக்குக் கை உதவி

சீத்தாப் பூவில் மற்றொரு சிக்கலும் உண்டு. ஒரே பூவில் பெண் உறுப்பும் ஆண் உறுப்பும் இருந்தாலும் இரண்டும் ஒரே நேரத்தில் பக்குவம் அடைவதில்லை. இதழ்கள் சற்றே விரிந்த நிலையில் பெண் உறுப்பு பசையுடன் பளபளக்கும். அப்போது மகரந்தம் வெளிவராது. இதழ்கள் முழுதும் விரிந்து மகரந்தம் உதிரும்போது பெண் உறுப்பு காய்ந்துவிடும். சிறு வண்டுகளே ஒரு பூவிலிருந்து மற்றொரு பூவுக்கு மகரந்தத்தைக் கொண்டு செல்கின்றன. வறண்ட காற்றில் அந்த வண்டுகளும் குறைவு, பசையும் சீக்கிரம் காய்ந்துவிடும்.

வீட்டுக் கொல்லையில் பத்து, இருபது மரம் வைத்திருப்பவர்கள் இதைக் கையாலேயே செய்யலாம். காலை ஆறு மணியிலிருந்து எட்டு மணிக்குள், நன்கு விரிந்த பூக்களைப் பறித்து ஒரு காகிதத்தில் தட்டினால் மகரந்தம் உதிரும். மெல்லிய தூரிகையால் அதைத் தொட்டு, பாதி விரிந்த பூக்களின் நடுவில் தடவ வேண்டும். நல்ல தடித்த கிளைகளில் உள்ள பூக்களுக்கு மட்டும் செய்தால் போதும். இவ்வாறு செய்த பூவில் உருவாகும் காய் கோணலின்றி உருண்டையாகவும் பெரிதாகவும் இருக்கும். பள்ளிக்கூடம் போகும் பிள்ளைகளுக்கு ஒரு முறை காட்டிக் கொடுத்தால், அவர்கள் பெரியவர்களைவிட நேர்த்தியாகச் செய்துவிடுவார்கள்.

இலந்தைக்கு இந்த வேலை இல்லை. ஈக்களும் தேனீக்களும் பார்த்துக்கொள்ளும். ஆனால் சில ரகங்கள் தம் மகரந்தத்தால் தாமே காய்க்கமாட்டா. ஆகவே ஒரே ரகத்தை மட்டும் வைக்காமல் கோலா, பனாரசி, உம்ரான் ஆகியவற்றில் இரண்டு ரகங்களையாவது கலந்து வைக்க வேண்டும். கோலா முன்னதாகப் பழுப்பது. உம்ரான் பின்னதாகப் பழுப்பது. கலந்து வைத்தால் பழம் ஒரே வாரத்தில் குவியாமல் இரண்டு மாதங்களுக்குப் பரவிக் கிடைக்கும்.

இலந்தையை நடுவதில் உள்ள சூட்சுமம்

சீத்தா நடவில் பெரிய நுணுக்கம் ஏதும் இல்லை. நல்ல தாய் மரத்துப் பழத்தின் விதையை ஒரு இரவு நீரில் ஊறவைத்துப் பிளாஸ்டிக் பைகளில் ஊன்றினால், ஒரு மாதம் அல்லது ஒன்றரை மாதத்தில் முளைத்துவிடும். ஒட்டுக் கன்றும் கிடைக்கிறது. இரண்டடி நீள, அகல, ஆழக் குழியில் பத்துக் கிலோ தொழு உரமும் மேல் மண்ணும் கலந்து நிரப்பி, 5 மீட்டர் இடைவெளியில் நட வேண்டும். ஏக்கருக்கு 160 கன்றுகள் பிடிக்கும்.

இலந்தையில்தான் பலர் ஏமாறுகிறார்கள். அதன் பலமே ஆணி வேர். பையில் அதிக நாள் கிடந்த கன்றில் அந்த வேர் அடியில் சுருண்டுவிடும். தரையிலிருந்து பெயர்த்த கன்றில் அறுந்துவிடும். அப்படி வேர் கெட்ட கன்றை நட்டுவிட்டு, வறட்சி தாங்கும் என்று நம்பி நீர் விடாமல் இருந்தால் முதல் கோடையிலேயே போய்விடும். நாட்டு இலந்தை விதையைக் குழியிலேயே ஊன்றி, அங்கேயே வளர்ந்த செடியில் மொட்டு ஒட்டுக் கட்டுவதுதான் மானாவாரிக்குச் சிறந்த முறை.

விதைகளை உப்புக் கரைசலில் போட்டால் பொக்கு விதைகள் மிதக்கும். அடியில் தங்கியவற்றை நல்ல நீரில் கழுவி எடுத்து, உள்ளே உள்ள பருப்பு நசுங்காமல் ஓட்டை மட்டும் மெதுவாக உடைத்து, குழிக்கு இரண்டு மூன்றாக மழைத் தொடக்கத்தில் ஊன்ற வேண்டும். ஓடு உடைத்த விதை ஒரு வாரத்தில் முளைக்கும். உடைக்காதது மூன்று, நான்கு வாரம் எடுக்கும். நல்ல செடி ஒன்றை மட்டும் விட்டு மற்றவற்றை வெட்டிவிடலாம். தண்டு பென்சில் பருமன் வந்ததும் நல்ல ரகத்தின் மொட்டை ஒட்டலாம். ஒட்டுக்குக் கீழே தாய்ச்செடியிலிருந்து வரும் துளிர்களை அவ்வப்போது கிள்ளிவிடாவிட்டால், காட்டுக் கிளை மேலோங்கி நல்ல ஒட்டை அமுக்கிவிடும். முள்ளும் கொட்டையுமாகப் பழம் வருகிறது, நாற்றங்கால்காரர் ஏமாற்றிவிட்டார் என்று சொல்பவர்களில் சிலர் உண்மையில் இந்தத் துளிரைக் கிள்ளத் தவறியவர்கள்.

இதைவிட மலிவான வழி ஒன்றும் உண்டு. வரப்பிலோ புறம்போக்கை ஒட்டிய சொந்த நிலத்திலோ நாட்டு இலந்தை மரம் ஏற்கெனவே நிற்குமானால், அதை வேரோடு தோண்டி எறிய வேண்டாம். மாசி, பங்குனியில் முழங்கால் உயரத்தில் வெட்டிவிட்டால் நிறையத் துளிர்கள் கிளம்பும். வாளிப்பான மூன்று, நான்கை மட்டும் விட்டு, ஆனி, ஆடியில் அவற்றில் நல்ல ரகத்தின் மொட்டை ஒட்டலாம். வேர் ஏற்கெனவே ஆழம் போயிருப்பதால் நீர் ஊற்ற வேண்டிய வேலையே இல்லை. அடுத்த ஆண்டோ அதற்கு அடுத்த ஆண்டோ பழத்தைப் பார்த்துவிடலாம். காசு செலவில்லாமல் தொடங்க நினைப்பவர்களுக்கு இதற்கு இணையான வழி வேறில்லை.

இலந்தைக்கு இடைவெளி 8 மீட்டர். குழி 1 மீட்டர் நீள, அகல, ஆழம். ஏக்கருக்கு அறுபத்து மூன்று மரங்களே கொள்ளும். இடையில் முதல் நான்கைந்து ஆண்டுகள் உளுந்து, பாசிப்பயறு, நிலக்கடலை போடலாம்.

எந்த மரமானாலும் முதல் இரண்டு கோடைகளில் வாரம் ஒரு குடம் தண்ணீராவது வேண்டும். சரிவின் கீழ்ப்புறமாகப் பிறை வடிவில் சிறு வரப்பு போட்டுவிட்டால் பெய்கிற மழை கன்றின் அடியில் தங்கும்.

கவாத்து

இலந்தையில் அந்த ஆண்டு விட்ட புதுக் கிளையின் இலைக் கணுக்களில்தான் பூ வரும். ஆகவே கவாத்து செய்யாத மரம் ஆண்டுக்கு ஆண்டு உயர்ந்துகொண்டே போகும். பழம் சிறுத்துக்கொண்டே வரும். பழம் முடிந்தவுடன், மாசி, பங்குனியில் சென்ற ஆண்டுக் கிளைகளைக் கால் பாகம் முதல் பாதி வரை வெட்டிவிட வேண்டும். காய்ந்தவை, உள்நோக்கி வளர்ந்தவை, ஒன்றோடொன்று உரசுபவை முழுதும் போக வேண்டும். காய்க்கும் மரத்தை வெட்ட மனம் வராமல் தயங்குபவர்கள், முதல் ஆண்டு ஒரு மரத்தில் மட்டும் செய்து பார்த்து மறு ஆண்டு பழத்தை ஒப்பிட்டுக்கொள்ளலாம்.

சீத்தாவுக்கு இவ்வளவு கடுமையான கவாத்து வேண்டாம். காய்ந்த குச்சிகளையும் அடித்தூரிலிருந்து கிளம்பும் போத்துகளையும் நீக்கி, நடுவில் வெளிச்சம் புகும்படி செய்தால் போதுமானது. மரத்தில் கறுத்துக் காய்ந்து ஒட்டிக்கொண்டிருக்கும் கல் காய்களையும் அப்போதே பறித்து எரித்துவிட வேண்டும்.

ஆட்டுக்குப் பிடித்ததும் பிடிக்காததும்

தை அறுவடைக்குப் பிறகு ஊர் ஆடுகளை அவிழ்த்துவிடும் வழக்கம் பல கிராமங்களில் இன்றும் இருக்கிறது. இலந்தைத் தழை என்றால் ஆடு விடாது. முதல் இரண்டு, மூன்று ஆண்டுகள் கன்றுக்கு முள் வேலி கட்டாயம். பிறகு அதுவே ஆதாயமாக மாறுகிறது. கவாத்தில் விழும் தழை, பசுந்தீவனம் அற்றுப்போகும் மாதங்களில் ஆடுகளுக்கு நல்ல தீனி. முள் கிளை வேலிக்கு உதவும். தடித்த கிளை அடுப்புக்கு ஆகும்.

சீத்தா இலையை ஆடு மாடுகள் பொதுவாக முகர்ந்து பார்த்துவிட்டுப் போய்விடும். வேலிச் செலவு செய்ய இயலாதவர்களுக்கும், கன்றுக்குக் காவல் இருக்க ஆளில்லாத குடும்பத்துக்கும் இது பெரிய வசதி. அதே சமயம் சீத்தா விதையில் நச்சுத் தன்மை உண்டு என்பதை மறக்கக் கூடாது. பேனை ஒழிக்க விதையை அரைத்துத் தலையில் தேய்க்கும் பழக்கம் சில வீடுகளில் இருக்கிறது. அந்தத் தூள் கண்ணில் பட்டால் கடும் எரிச்சலுடன் கருவிழி புண்ணாகி, பார்வையே பாதிக்கப்படலாம். குழந்தைகள் உள்ள வீட்டில் இதை அடியோடு விட்டுவிட வேண்டும்.

பூச்சி, நோய்

சீத்தாவின் முதல் எதிரி மாவுப்பூச்சி. பழத்தின் கண்களுக்கு இடையே வெள்ளையாக அப்பிக்கொள்ளும். எறும்புகளே அதை மரத்தில் ஏற்றிப் பரப்புகின்றன. அடிமரத்தில் ஒரு அடி உயரத்தில் பிளாஸ்டிக் தாளைச் சுற்றி அதன்மேல் கிரீஸ் தடவினால் எறும்பு ஏறுவது தடைப்படும். தாக்கிய பிஞ்சுகளைப் பறித்து அழிக்க வேண்டும். தொடக்கத்திலேயே மீன் எண்ணெய் சோப்பை லிட்டர் நீருக்கு 25 கிராம் வீதம் கரைத்துத் தெளிக்கலாம். மாவுப்பூச்சியைத் தின்னும் கிரிப்டோலீமஸ் பொறிவண்டை மரத்துக்குப் பத்து வீதம் விட்டாலும் பலன் உண்டு. வண்டு விட்ட தோட்டத்தில் பிறகு மருந்து தெளிக்கக் கூடாது.

இலந்தைக்குப் பழ ஈ. புழு கொட்டையைச் சுற்றியுள்ள சதையைத் தின்று, பழத்தோடு கீழே விழுந்து, மண்ணில் கூட்டுப்புழுவாகிறது. மருந்தைவிட இங்கே மண்வெட்டியே பெரிய உதவி. விழுந்த பழங்களைத் தினமும் பொறுக்கி இரண்டடி ஆழத்தில் புதைப்பது, சித்திரையில் மரத்தடியைக் கொத்திக் கூட்டுப்புழுவை வெயிலில் காயவிடுவது ஆகிய இரண்டையும் அக்கம்பக்கத்தாரும் சேர்ந்து செய்ய வேண்டும். ஒருவர் செய்து அடுத்தவர் செய்யாவிட்டால் ஈ வேலி பார்த்து நிற்காது. கார்த்திகை, மார்கழிக் குளிரில் சாம்பல் நோய் வந்தால் நனையும் கந்தகத்தை லிட்டருக்கு 2 கிராம் வீதம், வெயில் தாழ்ந்த பிறகு தெளிக்கலாம்.

பறித்த பிறகு

சீத்தாவைக் கண்களுக்கு இடையே உள்ள பள்ளம் வெளிறி மஞ்சள் வெண்மையானதும் பறிக்க வேண்டும். பறித்த இரண்டு, மூன்று நாட்களில் பழுத்துக் குழைந்துவிடும். குளிர்பதனக் கிடங்கில் வைத்தால் தோல் கறுக்கிறது. ஆகவே சந்தையோ பேருந்துச் சாலையோ பக்கத்தில் இருந்தால்தான் விலை கையில் நிற்கும். இலந்தையை ஒரு வாரம் வரை வைத்து விற்கலாம். விலை சரிந்தால் உலர்த்தலாம். நாட்டு இலந்தையாக இருந்தால் உப்பு, மிளகாய், புளி, வெல்லம் சேர்த்து இடித்து இலந்தை வடை தட்டலாம். பள்ளிக்கூட வாசலில் அதற்கு என்றும் வாங்குவோர் உண்டு. ஆனால் முள்ளுக்கு நடுவே கையை விட்டுப் பலமுறை பறிக்க வேண்டியிருப்பதால் இலந்தைக்குப் பறிப்புக் கூலி கூடுதல். இதைக் கணக்கில் சேர்க்காமல் வருமானம் சொல்பவர்களை நம்ப வேண்டியதில்லை.

நன்கு பராமரித்து நீரும் கிடைத்த இலந்தை மரம் வளர்ந்த பிறகு 80 முதல் 100 கிலோ வரை தரும். மானாவாரியில் 40 கிலோ என்று குறைத்தே வைத்தாலும் ஏக்கருக்கு 2,500 கிலோ ஆகும். சீத்தா மரம் ஆறேழு ஆண்டுக்குப் பின் 60 முதல் 80 பழம், அதாவது சுமார் 12 கிலோ என்று வைத்தால் ஏக்கருக்கு 1,900 கிலோ. எடை இலந்தைக்கு அதிகம். கிலோ விலை பெரும்பாலும் சீத்தாவுக்கு அதிகம். சீத்தா பன்னிரண்டு, பதினைந்து ஆண்டுகளில் தளர்ந்துவிடும். இலந்தை கவாத்து தவறாவிட்டால் அதைப்போல் இரு மடங்கு காலம் காய்க்கும்.

அண்மை ஆண்டுகளில் 'ஆப்பிள் இலந்தை' என்று கோழி முட்டையைவிடப் பெரிய பழம் தரும் கன்றுகள் விற்பனைக்கு வருகின்றன. பழம் நன்றாகவே இருக்கிறது. ஆனால் அந்த அளவுக்குப் பழம் பெருக்கச் சொட்டு நீரும் நல்ல உரமும் வேண்டும். இலந்தை என்ற பெயரை நம்பி அதை நீரில்லாத நிலத்தில் வைப்பவர்கள் எதிர்பார்த்த பழத்தைப் பார்க்க முடியாது.

எந்த நிலத்துக்கு எது?

வடகிழக்கு மழையை மட்டும் நம்பிய கரிசல், களர், பள்ளமான நிலம் என்றால் இலந்தை. கோடை மழையும் தென்மேற்கு மழையும் கிடைக்கும் செம்மண், சரளைச் சரிவு என்றால் சீத்தா. ஆடு தொல்லை அதிகம், வேலிக்கு வழியில்லை, ஆனால் வைகாசியில் கொஞ்சம் தண்ணீர் கிடைக்கும் என்றால் தெற்கிலும் சீத்தா வைக்கலாம். சொந்தமாக ஆடு வளர்ப்பவருக்கு இலந்தையில் இரட்டை ஆதாயம். தீர்மானிக்க முடியாதவர்கள் நிலத்தின் ஓரத்தில் ஐந்து மரம் இதுவும் ஐந்து மரம் அதுவுமாக வைத்து மூன்று, நான்கு ஆண்டு பார்த்துவிட்டு மீதி நிலத்துக்குப் போகலாம். வீட்டைச் சுற்றி மட்டும் வைப்பவர்கள் பாத்திரம் கழுவிய நீர் பாயும் பக்கத்தில் சீத்தாவையும், நீர் எட்டாத வேலியோரத்தில் இலந்தையையும் வைத்துக்கொண்டால் ஆவணி முதல் மாசி வரை பெரும்பாலான மாதங்களில் ஏதாவது ஒரு பழம் வீட்டில் இருக்கும்.

தெற்கு மாவட்டங்களில் குழிகளை ஆடியிலேயே எடுத்து ஆற விட வேண்டும். புரட்டாசி இறுதியில் தொழு உரமிட்டு மூடி, முதல் நல்ல மழை பெய்ததும் இலந்தை விதையையோ சீத்தாக் கன்றையோ வைக்கலாம். மேற்கு மாவட்டங்களில் சித்திரையில் குழி எடுத்து ஆனி, ஆடியில் நடலாம். ஒட்டுக்கு வேண்டிய மொட்டுக் குச்சிகளுக்கு அருகிலுள்ள தோட்டக்கலைத் துறைப் பண்ணையிலோ வேளாண்மைப் பல்கலைக்கழக ஆராய்ச்சி நிலையத்திலோ முன்கூட்டியே சொல்லிவைக்க வேண்டும். குச்சியை வெட்டியதும் ஈரச் சாக்கில் சுற்றி எடுத்து வந்து, கூடுமானவரை அன்றே ஒட்டிவிட வேண்டும்.